140 சீடி, செத்துப்போன ஒரு டிஸ்க்: இனி எதில் பேக்கப் எடுத்து வைப்பது?

கோவில்பட்டி_டிடிபி · #1

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 1997 முதல் கோவில்பட்டியில் டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், உள்ளூர்க் கவிஞர்களின் புத்தகம் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்து, முடிந்ததும் சீடியில் எழுதி உறையில் தேதி போட்டு வைப்பார். எண்ணிப் பார்த்தேன், 140 சீடி இருக்கிறது. தம்பி கல்யாண போட்டோ எடுக்கிறான், அவன் பங்கு 5 டிபி. வீட்டுப் படங்கள், பிள்ளைகளின் வீடியோ எல்லாம் சேர்த்து 900 ஜிபி.

போன வாரம் வீட்டுப் படங்கள் இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க் பல்லி கத்துகிற மாதிரி டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. சொருகினால் டிரைவே வரவில்லை. டேட்டா எடுத்துத் தரும் கடையில் 28 ஆயிரம் கேட்டார்கள், அதுவும் கிடைத்தால் கிடைக்கும் என்ற கணக்கில். பாதிப் படங்கள் போனில் இருக்கின்றன. 2012 முதல் 2016 வரை எடுத்தவை வேறெங்கும் இல்லை. பெரியவள் பிறந்தது 2013.

நீண்ட நாள் தாங்க எது நல்லது? சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி, நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டியான நாஸ், கிளவுட், ப்ளூரே என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பட்ஜெட் 40 ஆயிரம்.

மலைக்கோட்டை · #2

இதற்குப் போய் இவ்வளவு கவலையா? எல்லாவற்றையும் கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள் சார். நான் பத்து வருடமாக அப்படித்தான்.

சர்வர்ரூம் · #3

முதலில் அந்த டிஸ்க்கை இனி ஒருமுறைகூடச் சொருகாதீர்கள். அந்தச் சத்தம், உள்ளே தட்டைப் படிக்கும் ஹெட் தன் இடத்தைத் தேடிக் கிடைக்காமல் திரும்பத் திரும்பப் போய் வருகிற சத்தம். ஒவ்வொரு தடவை கரண்ட் கொடுக்கும்போதும் தட்டில் கீறல் விழலாம். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது வந்து சொல்வார்கள், கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்து, இருந்த வாய்ப்பும் போகும். 28 ஆயிரம் பெறுமா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை பீரோவில் கிடக்கட்டும்.

அடுத்தது, சாகாத சாதனம் என்று ஒன்று கிடையாது. பேக்பிளேஸ் என்ற நிறுவனம் லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளை ஓட்டி, வருடாவருடம் கணக்கு வெளியிடுகிறது. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ ஒரு வருடத்தில் போகின்றன. ஏசி அறையில் ஆடாமல் அசையாமல் இருப்பவற்றின் கணக்கு அது. பிள்ளைகள் ஒயரை இழுத்துத் தள்ளிவிடும் நம் வீட்டு டிஸ்க் அதில் சேர்த்தியில்லை.

பீட்டர் குரோ என்ற போட்டோகிராபர் சொல்லிப் பரவிய 3-2-1 கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3 பிரதி, 2 வகை சாதனத்தில், 1 வேறு இடத்தில். "வேறு இடம்" என்றால் வேறு அறை இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பக்கம் முடிச்சூரில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் கழுத்தளவு தண்ணீர். கம்ப்யூட்டர் மேசை மேல் இருந்தது, பேக்கப் டிஸ்க் "பத்திரமாக" பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. இரண்டும் ஒரே ராத்திரியில் போயின. தண்ணீர் வடிந்தபின் பீரோவைத் திறந்தபோது டிஸ்க் இருந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சேறு நிறைந்திருந்தது. மூடி மட்டும் நன்றாக மூடியே இருந்தது.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள்.

சர்வர்ரூம் · #4

மலைக்கோட்டை சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவசத்தை 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இப்போது மெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். அதைவிட முக்கியம், அது போனோடு சேர்ந்து நடக்கிற விஷயம். ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், அப்புறம் போயே போய்விடும். இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கும் விதியையும் 2023இல் கொண்டுவந்துவிட்டார்கள். காலமான பெரியவர்களின் கணக்கில் மட்டும் படங்கள் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று பிரதியில் ஒன்றாக அது இருக்கலாம். அது ஒன்றே போதும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மலைக்கோட்டை · #5

குப்பைத்தொட்டி விஷயம் தெரியாது. அம்மா போன வருடம் போன் மெமரி நிறைந்துவிட்டது என்று உட்கார்ந்து அழித்துக்கொண்டே இருந்தார். போய்ப் பார்க்கிறேன்.

ஃபிளாஷ்லைட் · #6

மதுரையில் 14 வருடமாக கல்யாண போட்டோ எடுக்கிறேன். அண்ணே, தம்பியின் 5 டிபியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதில் பாதிக்கு மேல் குப்பை. சொல்வதற்குச் சங்கடம்தான், ஆனால் உண்மை. முகூர்த்தத்தில் தாலி கட்டும் ஒரே நிமிடத்துக்கு இரண்டு கேமராவில் 200 ஃபிரேம் அடித்திருப்போம். ஆல்பத்துக்குப் போவது நான்கு. மீதி 196ஐ மூன்று பிரதி எடுத்து யாருக்காகக் காக்கிறோம்? என் பில்லிலேயே அச்சடித்துவிட்டேன்: ஆல்பம் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் கேமராவின் மூல ஃபைலான ரா ஃபைல் வைத்திருப்போம், அப்புறம் பொறுக்கிய படங்களின் ஜேபெக் மட்டும். மணமக்களுக்கு பென்டிரைவ் கொடுக்கும்போது, "இதை இன்னொரு இடத்தில் காப்பி போட்டுக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்லியும் விடுவேன். பாதிப் பேர் போடுவதில்லை. இரண்டாவது குழந்தைக்கு மொட்டை போடும்போது போன் வரும்.

வேலை நடக்கும்போது ஒரே விதி. இரண்டு டிஸ்க்கில் இறங்கி, இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் கேமராவின் கார்டை ஃபார்மட் செய்வேன். மண்டபத்திலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு வந்தாலும் சரி. ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் இந்த வரிசையை மாற்றினேன். அந்த வீட்டு மாப்பிள்ளை அழைப்பு முழுக்கப் போனது. அவர்கள் இன்றும் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நாடாக்காரன் · #7

யாரும் டேப் பற்றிப் பேசவில்லையே. எல்டிஓ-9 என்ற காந்த நாடாவில் ஒரு கேட்ரிட்ஜுக்கு 18 டிபி, 30 வருடம் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அலமாரியில் இருக்கும் நாடாவை எந்த ரான்சம்வேரும் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) தொட முடியாது. நீண்ட காலச் சேமிப்பு என்றால் இதுதான், மற்றதெல்லாம் தற்காலிகம்.

சர்வர்ரூம் · #8

ஆபீஸில் நானும் டேப் ஓட்டுகிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் கேட்ரிட்ஜ் மலிவு, அதைப் படித்து எழுதும் டிரைவ் சில லட்சம். கேட்டவரின் பட்ஜெட் 40 ஆயிரம். இன்னொன்று, எல்டிஓ-8 டிரைவ் 8, 7 தலைமுறை நாடாக்களை மட்டுமே படிக்கும், 6ஐ எட்டிக்கூடப் பார்க்காது. நாடா 30 வருடம் இருக்கலாம், 30 வருடம் கழித்து அதைப் படிக்கிற டிரைவுக்கு எங்கே போவது? நூற்றுக்கணக்கான டிபி உள்ளவர்களுக்கு அது சரி. கல்யாண வீட்டுக்குச் சமைக்கிற அண்டாவில் ஒரு தம்ளர் காபி போடக் கூடாது.

நாடாக்காரன் · #9

ஒப்புக்கொள்கிறேன். ஆசையில் சொன்னது.

கோவில்பட்டி_டிடிபி · #10

எஸ்எஸ்டி? கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்கிறார்களே.

சர்வர்ரூம் · #11

தினமும் வேலை செய்ய எஸ்எஸ்டி அருமை. எழுதிப் பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம். அதற்குள் டேட்டா மின்னேற்றமாக இருக்கிறது. கரண்ட் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும், வெயிலில் இன்னும் வேகமாக. சிப் தயாரிப்பாளர்கள் சேர்ந்து வகுத்த ஜெடெக் தரத்தில் வீட்டு எஸ்எஸ்டிக்குச் சொல்லியிருப்பது, எழுதி எழுதித் தேய்ந்த நிலையில், 30 டிகிரியில் ஒரு வருடம். புதிது அதைவிட அதிகம் தாங்கும்தான். ஆனால் கோவில்பட்டியில் மே மாதம் மூடிய பீரோவுக்குள் எத்தனை டிகிரி?

நாஸ் வாங்கினால் இரண்டு டிஸ்க் ஒன்றையொன்று காப்பி செய்துகொள்ளும், அதனால் கவலையில்லை என்று கடையில் சொல்வார்கள். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு அது. தம்பி தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் வந்து பூட்டினாலும் இரண்டிலும் பூட்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் வந்தபோது, எப்போதும் சொருகியே வைத்திருந்த பேக்கப் டிஸ்க்குகள் என்ன ஆயின என்று அந்த வாரம் ஆபீஸ் ஆபீஸாக ஓடிய எங்களைக் கேளுங்கள்.

திருவல்லிக்கேணி_அக்கா · #12

தம்பி, எல்லோரும் டிஸ்க்கைப் பற்றியே பேசுகிறார்கள். நான் 1994இலிருந்து டிடிபி. உன் அப்பாவின் 140 சீடியும் முழுசாகக் காப்பி ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள். எதில் திறப்பாய்?

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, 2001இல் வந்தது. அப்புறம் அடோபி புதுப் பதிப்பு கொண்டுவரவில்லை. அதற்குப் பதிலாக வந்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தது, அதற்குப் பிறகு வந்தவை திறக்காது. லிப்ரே ஆபீஸ் டிரா என்ற இலவச மென்பொருளில் திறக்கும், ஆனால் பக்க அமைப்பு கலையும்.

சரி, எப்படியோ திறந்துவிட்டாய். அப்பா எந்த எழுத்துருவில் அடித்தார்? எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட் அந்தக் காலத்தில் புழக்கத்தில் இல்லை. பாமினி என்ற எழுத்துருவில் "அம்மா" என்று அடித்தால் ஃபைலுக்குள் கிடப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இருந்தால்தான் கண்ணுக்கு அம்மா. இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வரிசை. 1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டுத் தரம் அறிவித்தது, அதற்குப் பிறகும் கடைகளில் அவரவர் பழகியதைத்தான் ஓட்டினோம்.

அதனால் என் யோசனை. ஒன்று, அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் இன்னும் இருந்தால் எடைக்குப் போடாதே. அதில் இருக்கும் எழுத்துரு ஃபைல் அத்தனையும் முதலில் எடு. அவையும் பேக்கப்பின் பகுதி. இரண்டு, பழைய விண்டோஸ் எக்ஸ்பியை விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலிக் கம்ப்யூட்டர்) போட்டு, பேஜ்மேக்கரை நிறுவி, ஒவ்வொரு புத்தகத்தையும் எழுத்துருவை உள்ளே பதித்து பிடிஎஃப் ஆக்கு. பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். மூன்று, அந்த பிடிஎஃபில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, உள்ளே பழைய குறியீடுதானே. அதனால் உரையைத் தனியாக எடுத்து, எழுத்துரு மாற்றி மென்பொருள் மூலம் யுனிகோட் ஆக்கி வை. நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும், கையால்தான் திருத்த வேண்டும். ஒரு கவிதைத் தொகுப்பில் "டிகிரி காபி" என்று ஆங்கிலத்தில் இருந்தது என்ன ஆனது என்று இங்கே எழுத முடியாது.

கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் இந்தப் பாடு வேண்டாம். புத்தகங்களுக்கு மட்டும் செய்.

வடமராட்சியான் · #13

அக்கா சொன்னதைக் கெட்டியாகப் பிடியுங்கோ தம்பி. நான் ரொறன்ரோவில் இருக்கிறன். 90களில் இங்கே எங்கட ஊர்ச் சங்க மலர் எல்லாம் பாமினியில்தான் அடித்தோம். நாலு வருடத்துக்கு முன்பு ஒரு மலரைத் திரும்பப் பதிப்பிக்க வெளிக்கிட்டால், ஃபைல் இருக்கு, படம் இருக்கு, எழுத்து இல்லை. கடைசியில் அச்சடித்த ஒரு பிரதியைத் தேடிப் பிடித்து, ஸ்கேன் செய்துதான் காரியம் முடிந்தது. உங்கட அப்பாவின் புத்தகங்களில் அச்சுப் பிரதி மிஞ்சியிருந்தால் அதையும் எடுத்து வையுங்கோ. தாளும் ஒரு பேக்கப்தான்.

ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எங்களுக்குச் சும்மா கதை இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 அளவில் நூல்கள் எரிந்தன. ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் அதுக்குள்ள இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை போனது போனதுதான். 2005இல் தொடங்கின நூலகம் திட்டத்தில் ஈழத்து நூல்களை ஸ்கேன் பண்ணி எல்லாருக்கும் திறந்து விட்டிருக்கினம். ஊர்க் கவிஞர்களின் புத்தகங்களை, அவர்கள் குடும்பம் சம்மதித்தால், நீங்களும் இன்டர்நெட் ஆர்கைவ் மாதிரி ஒரு பொது இடத்தில் ஏற்றலாம். நாலு பேர் இறக்கி வைத்திருந்தால் நாலு பிரதி.

கோவில்பட்டி_டிடிபி · #14

அக்கா, அப்பாவிடம் கேட்டேன். "செந்தமிழ்னு ஒண்ணு, அப்புறம் ஒரு பையன் காப்பி பண்ணிக் கொடுத்தது" என்கிறார். பழைய கம்ப்யூட்டர் மச்சில் இருக்கிறது, ஆன் ஆகிறதா என்று பார்க்கவில்லை. சீடிகளில் சிலவற்றின் பின்பக்கம் புள்ளி புள்ளியாக வெளுத்திருக்கிறது. அப்பா லேபிள் ஒட்டியவைதான் மோசம்.

சர்வர்ரூம் · #15

ஒட்டிய லேபிளை உரிக்காதீர்கள், மேலே இருக்கும் படலமும் சேர்ந்து வந்துவிடும். டேட்டா அந்தப் பக்கம்தான் இருக்கிறது, பளபளக்கும் பக்கத்தில் இல்லை.

சாதாரண காப்பி போட்டால் முதல் கீறலில் நின்றுவிடும். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்று ஒன்று இருக்கிறது, இலவசம். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களைக் குறித்துக்கொண்டு மறுபடி முயலும். அந்தக் குறிப்பு ஃபைலைப் பத்திரப்படுத்தினால் அதே சீடியை வேறொரு டிரைவில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், ஏன் என்று கேட்காதீர்கள், அப்படித்தான்.

ஃபிளாஷ்லைட் · #16

ப்ளூரே பற்றி யாரும் சொல்லவில்லை. எம்-டிஸ்க் என்று வருகிறது. சாதாரண சீடி மாதிரி சாயம் இல்லை, கனிமப் படலத்தில் எழுதுகிறது. ஆயிரம் வருடம் என்று விளம்பரம். ஆயிரமாவது வருடம் போய்ப் பார்க்கப் போவது யார்? ஆனால் சாயம் வெளுக்கும் பிரச்சினை இல்லை என்பது வரை நல்லதுதான். அப்பாவின் 140 சீடியும் முழுக்க நிறைந்திருந்தாலும் 100 ஜிபிக்குள். 25 ஜிபி டிஸ்க் நாலைந்தில் அடங்கிவிடும். கல்யாண டேட்டாவுக்கு ஆகாது. சோனி 2025 பிப்ரவரியோடு எழுதும் ப்ளூரே தயாரிப்பதை நிறுத்திவிட்டது. வாங்குவதாக இருந்தால் எழுதும் டிரைவையும் சேர்த்து இப்போதே வாங்கி வையுங்கள்.

மலைக்கோட்டை · #17

கிளவுடில் 5 டிபியும் போட்டால் என்ன ஆகும்? நிஜமாகவே கேட்கிறேன்.

சர்வர்ரூம் · #18

ஏற்றும் வேகம் 40 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். 900 ஜிபிக்கு விடாமல் இரண்டு நாளுக்கு மேல், 5 டிபிக்குப் பதினோரு நாளுக்கு மேல். நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவ் என்ற கிளவுட் சேமிப்பில் ஒரு டிபிக்கு மாதம் சுமார் ஒரு டாலர்தான். ஆனால் கேட்டால் கையில் வர சாதாரணமாக 12 மணி நேரம் வரை ஆகும், ஒரு டிபியை வெளியே இறக்க 90 டாலர் அளவில் ஆகும். போடுவது மலிவு, எடுப்பதுதான் செலவு. வீடு எரிந்தால் மட்டும் திறக்கிற பெட்டி என்று வைத்துக்கொண்டால் நல்ல விலை.

எதில் போட்டாலும் வெளியே போவதைப் பூட்டி அனுப்புங்கள். நான் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், அதுவே என்கிரிப்ட் செய்துவிடும். கடவுச்சொல் தொலைந்தால் கடவுளே வந்தாலும் திறக்க முடியாது. எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பையில் வைத்து, மனைவிக்கும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, எடுத்துப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடை வைக்கும் தளமான கிட்லேபில் ஓர் இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதப் பேக்கப் வைத்திருந்தார்கள். ஒன்றும் நம்பும்படி இல்லை. தினசரி பேக்கப் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் எடுக்கப்படாமலே இருந்தது, தோற்றுவிட்டது என்று சொல்லும் மெயிலும் வந்து சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு யாரோ எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அவர்களுக்கே அப்படி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது பத்து ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.

கோவில்பட்டி_டிடிபி · #19

(ஆறு வாரம் கழித்து)

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

தம்பி ஃபிளாஷ்லைட் அண்ணன் சொன்ன மாதிரி உட்கார்ந்து கழித்தான். முதலில் முறைத்தான், அப்புறம் அவனே வேகமாகிவிட்டான். 5 டிபி, 2 டிபிக்குள் வந்துவிட்டது. அதனால் பெரிய டிஸ்க் தேவைப்படவில்லை. 4 டிபி இரண்டு, வேறு வேறு கம்பெனி, வேறு வேறு கடை. ஒன்று இங்கே, ஒன்று தூத்துக்குடியில் அக்கா வீட்டு மாடியில். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் எப்படியும் போக்குவரத்து உண்டு, அப்போது மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. வீட்டுப் படங்களும் அப்பாவின் வேலைகளும் மட்டும் கிளவுடிலும் போகின்றன. ப்ளூரே வாங்கவில்லை, பணம் மீட்புக் கடைக்குப் போய்விட்டது. வீட்டில் கேட்ட உடனே "இதுல என்ன கேள்வி" என்று சொல்லிவிட்டார்கள். 2013 முழுசாகக் கிடைத்தது, 2015இல் ஆறு மாதம் கிடைக்கவில்லை.

காப்பி முடிந்ததும் இரண்டு டிஸ்க்கிலும் செக்சம் (ஃபைலின் கைரேகை மாதிரி ஓர் எண்) ஒப்பிட்டதில் 3 ஃபைல் பொருந்தவில்லை. திறந்தால் ஒரு வீடியோவில் நடுவில் பச்சைக் கோடு. யூஎஸ்பி ஹப் கோளாறு. நேராகச் சொருகிக் காப்பி செய்ததும் சரியாகிவிட்டது. ஒப்பிடாமல் விட்டிருந்தால் தெரிந்தே இருக்காது.

மச்சுக் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அடாப்டரில் போட்டதும் வந்துவிட்டது. 212 எழுத்துரு ஃபைல். அக்கா, "ஒரு பையன் காப்பி பண்ணிக் கொடுத்தது" அதில் இருந்தது. 11 புத்தகம் பிடிஎஃப் ஆகிவிட்டது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து 1999இல் விட்ட அச்சுப்பிழைகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்.

சீடியில் 131 நேராகப் படித்தது. வேறு டிரைவில் இன்னும் 5. நான்கு எதிலும் வரவில்லை. அதில் ஒன்றின் உறையில் சிவப்பு மையில் "முக்கியம். அழிக்காதே" என்று அப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது. என்ன இருந்தது என்று அவருக்கும் நினைவில்லை.

திருவல்லிக்கேணி_அக்கா · #20

என்னிடம் 2003இல் வாங்கிய பழைய சீடி ரைட்டர் ஒன்று இன்னும் ஓடுகிறது தம்பி. லேபிளை உரிக்காமல் கொரியரில் அனுப்பு.